இடதுகைச் சின்னவிரல்

அந்த மையில் வெள்ளி நைத்திரேற்று இருக்கிறது.
பூசும்போது சும்மா ஊதா.
வெளிச்சம் பட்டபிறகுதான் கறுக்கும்,
தோலோடு பிடிக்கும், சவர்க்காரத்துக்கு அசையாது.
உயர்தர இரசாயனவியல்.
புத்தகம் பார்த்து நானே படித்தது.

ஐந்து மாதம் குறைவாம் எனக்கு.

கிராம அலுவலர் முற்றத்தில் மோட்டார் சைக்கிளைச் சாய்த்து
இடாப்புப் படிவத்தை நீட்டியபோது
அவருடைய கண்ணாடிக்கு ஒரு கால் இல்லை.
நான்தான் நிரப்பினேன்.
எங்கள் வீட்டுக்கு, பக்கத்து வீட்டுக்கு,
வாய்க்கால் கடந்து முத்தையன்கட்டு இடதுகரையில் ஏழு வீட்டுக்கு.
குவைத்தில் இருக்கும் அம்மாவின் பெயரைக்கூட எழுதினேன்.
அடுத்த வரியில்
பேனை ஒருக்கால் நின்றது.

"பதினாறு எண்டு ஆக்கினால் என்ன, சேர்?"
சிரித்தார்.
"பதினாறில உங்களுக்கு என்ன பிள்ளை தெரியும்?"

யானைவேலிக்கு மின்சாரம் எந்த மாதம் நின்றது என்று தெரியும்.
அதைச் சொல்ல எந்தக் கந்தோருக்கு எத்தனை தரம்
தம்பியையும் இழுத்துக்கொண்டு போனேன் என்று தெரியும்.
வான்கதவு திறந்தால் யாருடைய வயலுக்கு முதல் தண்ணீர்,
ஏன் அவருடைய வயலுக்கு.
பின்னேர பஸ் ஏன் ஒட்டுசுட்டானோடு திரும்பிவிடுகிறது.

சொல்லவில்லை.
படிவத்தை மடித்துக் கொடுத்தேன்.
தேத்தண்ணீரும் கொடுத்தேன்.

அடையாள அட்டையை மட்டும் பதினைந்திலேயே தந்துவிட்டார்கள்.
மறிப்பவர்களுக்குக் காட்ட.

தேர்தலுக்கு முதல்நாள்
எங்கள் வகுப்பைக் கூட்டி, வாங்குகளை வெளியே அடுக்கி,
ஒரேயொரு மேசையை மூலையில் விட்டிருந்தார்கள்.
என்னுடைய மேசை.
கவராயத்தால் 'எழிலிசை' என்று கீறி
அதிபரிடம் நான் அடி வாங்கிய மேசை.
அதன்மேல் மட்டை மறைப்பு.
இந்த வருடம் அதற்கு இது இரண்டாவது தேர்தல்.

காலை ஏழரைக்கு
புனிதமலர் அக்காவின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனேன்.
மழை விட்ட கிரவல் வீதி.
சில்லு புதைகிற இடங்களில் அக்கா பேசமாட்டா.
அன்றைக்குப் பேசினா.

"மூண்டு விருப்பு வாக்கு இருக்கெல்லே.
ரண்டு எனக்குக் காணும்.
கட்சி என்ரை. அதுக்குள்ள ஒரு இலக்கம் நீ சொல்லு."

நான் தள்ளுவதை நிறுத்தினேன்.
"என்ன, இரக்கமோ?"
"இல்லையடி. கணக்கு."

கொஞ்சத்தூரம் போனபிறகு,
"எனக்கும் பதினேழுதான் அப்ப.
ஒருத்தரும் பிறப்புச் சான்றிதழ் கேக்கேல்லை."
தொடை முடிகிற இடத்தில்
சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டா.

ஒரு இலக்கம் சொன்னேன்.
எது என்று இங்கே எழுதமாட்டேன்,
வாக்கு என்றால் இரகசியம்.
யோசித்துத்தான் சொன்னேனா?
பாலைமரத்துக்கும் பள்ளிக்கூட வாசலுக்கும் இடையில்
எவ்வளவு யோசிக்கலாமோ அவ்வளவு.

பொலிஸ்காரர் கையைக் காட்டினார்.
அக்கா உள்ளே. நான் வெளியே.
வேறு யாரோ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்ப்
படியில் தூக்கத் தெரியாமல் தூக்கினார்.
"பின்சில்லு! பின்சில்லை முதல் ஏத்துங்கோ!"

அன்று அந்த வளவுக்குள் போன
என் குரல் அது ஒன்றுதான்.

திரும்பும்போது நான் கேட்கவில்லை.
அக்கா சொல்லவும் இல்லை.
ஈரம் காயட்டும் என்று
சின்னவிரலை வெயிலில் நீட்டிக்கொண்டே வந்தா.

திங்கட்கிழமை மேசை தன் இடத்துக்கு வந்தது.
என் பெயரின் கடைசி எழுத்தில்
கீறலுக்குள் இறங்கி ஒரு கறுத்த தீற்று.
மை காயமுன் யாரோ விரலைத் துடைத்திருக்கிறார்கள்.
அக்காவாக இருக்கலாம்.
முந்நூற்றுச் சொச்சம் பேரில் எவராகவும் இருக்கலாம்.
எச்சில் தொட்டு உரசிப் பார்த்தேன்.
போகவில்லை.

மணி அடித்தது.
முதலாம் பாடம் இரசாயனவியல்.
கதவைப் பார்த்துக்கொண்டு இருந்தோம், பழக்கத்தில்.
இந்த வருடமும் அந்தப் பாடத்துக்கு
எங்களுக்கு ஆசிரியர் இல்லை.